பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டத்தில் என்ன எழுதினீர்கள்?

கரிசல்மண்:

வணக்கம். மகள் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறாள். ஜெர்மனியில் முதுகலை படிக்க ஆசை. அக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஜூலை 15க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால், நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று ஜெர்மன் தரப்பில் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து அது கட்டாயம். எல்லாவற்றுக்கும் முன்னால் பாஸ்போர்ட். நாங்கள் இன்னும் அந்த முதல் படியிலேயே நிற்கிறோம்.

போன செவ்வாய்க்கிழமை சேவை மையத்துக்குப் போனோம். பேருந்தில் இரண்டரை மணி நேரம். மகளின் அப்பா ஜின்னிங் மில்லில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். டோக்கன் வாங்கி ஏ கவுண்டரில் உட்கார்ந்ததும் அங்கிருந்த பெண், “சர்நேம் காலியாக இருக்கிறதே, வெளிநாடு போகிறவர் என்றால் அப்படி விடாதீர்கள்” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆவணங்களைச் சரிபார்க்கும் பி கவுண்டரில்தான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர். ஆதாரில் ஆங்கில எழுத்தே வேறு: பெயரில் உள்ள ‘ழ’வுக்குப் பள்ளியில் இசட்.ஹெச். போட்டிருக்கிறார்கள், ஆதார் எடுத்தவர் எல் போட்டுவிட்டார். அதிலிருந்து கணினி தானாகத் தமிழாக்கியதில் தமிழ்ப் பெயரும் ‘ல’வோடு நிற்கிறது. திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இதுவரை பொறுத்துக்கொண்டேன். கிளம்பும்போது அங்கே இருந்த ஒருவர், “உங்கள் சாதிப் பெயரையே சர்நேமாகப் போட்டால் வேலை முடிந்தது” என்றார். என் தாத்தா பெயருக்குப் பின்னால் இருந்த வாலை அவர் வாலிப வயதிலேயே வெட்டி எறிந்தவர். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் யாரும் அதை எழுதியதில்லை. ஒரு கட்டத்தை நிரப்ப என் மகள் அதைத் திரும்ப எடுக்க வேண்டுமா?

நீங்கள் என்ன எழுதினீர்கள்? பின்னால் ஏதாவது சிக்கல் வந்ததா? தயவுசெய்து சொல்லுங்கள்.


பழைய_குமாஸ்தா:

அம்மா, நான் வருவாய்த்துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இது எப்படி வருகிறது என்று உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குழந்தை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். அப்போது பல வீடுகளில் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். பெயர் இல்லாமலே பதிவு நடக்கும், சட்டமும் அதை அனுமதிக்கிறது. பிறகு ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். ஆனால் யார் வந்து சேர்க்கிறார்கள்? 2000க்கு முன் பதிவானவர்களுக்கு மாநில அரசு திரும்பத் திரும்பக் காலத்தை நீட்டித்து, 2024 டிசம்பர் 31 வரை கொடுத்தது. அப்படியும் விடுபட்டவர்கள் எத்தனையோ பேர். அப்பா பெயரை அன்றைக்குப் பதிவு செய்ய வந்தவர் எப்படிச் சொன்னாரோ அப்படித்தான் எழுதினோம். வந்தவர் சில சமயம் தாய்மாமா, சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர்.

அடுத்தது பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் இனிஷியலைச் சேர்த்து எழுதுவார். ஆங்கில எழுத்து அவர் மனதில் தோன்றியதுதான். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது பெற்றோரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். உண்மையில் அதுதான் கடைசி வாய்ப்பு, அதை யாரும் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வதில்லை. அப்புறம் ஆதார் முகாம். நீண்ட வரிசை, தட்டச்சு செய்கிறவருக்கு அவசரம், திரையில் வருவதைப் பார்த்துச் சரி என்று தலையாட்டிவிட்டு வருவோம்.

ஒவ்வொரு பதிவேடும் தனித்தனியாகப் பார்த்தால் அரசாங்கம் கொடுத்ததுதான். இனிஷியல் போட்டுச் சான்றிதழ் கொடுப்பது அரசு. பாஸ்போர்ட்டில் இனிஷியல் கூடாது, விரித்து எழுது என்பதும் அரசு. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பை மட்டும் மக்கள் தலையில் வைத்துவிட்டோம். நானே எத்தனையோ பேரை “இது ஒத்துப்போகவில்லை, போய்த் திருத்திக்கொண்டு வா” என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்கள் பேருந்துக்குக் கொடுத்த காசும் விட்ட கூலியும் அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. இன்றைக்கு அதை நினைத்து வருந்துகிறேன்.

நடைமுறைக்கு ஒன்று சொல்கிறேன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் அவசரப்பட்டு ‘ழ’வை மட்டும் திருத்திவிட்டு வராதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி வரப்போகிறது என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். எழுத்துக்கு எழுத்து பத்தாம் வகுப்புச் சான்றிதழை ஒட்டி இருக்கட்டும், அதைத்தான் எளிதில் மாற்ற முடியாது. அப்பா பெயருக்கும் அதே கவனம் வேண்டும், அவருடைய ஆதாரில் எந்த எழுத்தோ அதே எழுத்து.


ஷார்ஜா_வாசி:

சகோதரி, காலியாக மட்டும் விடாதீர்கள். 2022 நவம்பரில் என் அக்கா மகன் விசிட் விசாவில் வருவதாக இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான், சர்நேம் இல்லை. 21ஆம் தேதியிலிருந்து ஒற்றைப் பெயர் உள்ளவர்களுக்கு அமீரகத்தில் அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்தது. இவனுக்கு 22ஆம் தேதி டிக்கெட். விமான நிலையத்தில் பெட்டியோடு நிறுத்திவிட்டார்கள். இரவு முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தான். சில நாளிலேயே, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. பெரும்பாலான இந்திய பாஸ்போர்ட்டுகளில் அது உண்டே! அதை முதல் நாளே சொல்லியிருந்தால் அக்கா வட்டிக்கு வாங்கிய டிக்கெட் பணம் போயிருக்காது.

இங்கே லேபர் கேம்ப்பில் என்னோடு இருக்கும் தமிழ்ப் பையன்களில் பாதிப் பேருக்கு இதே நிலைதான். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, எமிரேட்ஸ் ஐடியில் ஒரு மாதிரி, ஊரில் வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி. பணம் அனுப்பும்போது பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்துவிடும். அங்கே அம்மா மருந்துக்குக் காத்திருப்பார்.


வைகைக்கரை:

இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுவிட்டால் முடிந்தது. நானும் அப்படித்தான் செய்தேன், 12 வருடத்தில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. உலகம் முழுக்க இரண்டு பெயர் கேட்கிறார்கள். நம் வழக்கத்துக்காக எல்லா நாட்டுக் கணினியையும் மாற்றச் சொல்ல முடியுமா? பிள்ளை பிறந்ததுமே இனிஷியல் இல்லாமல் விரித்து எழுதிப் பதிவு செய்யுங்கள். அடுத்த தலைமுறைக்காவது நிம்மதி கிடைக்கும்.


மழைக்குருவி:

வைகைக்கரை, நீங்கள் ஆண் என்று நினைக்கிறேன், அதனால்தான் உங்களுக்குச் சிக்கல் வரவில்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் என் அப்பா பெயர். கணவருக்கு அவருடைய அப்பா பெயர். எங்கள் இரண்டு குழந்தைகளுக்கும் கணவர் பெயர். ஒரே வீட்டில் மூன்று ‘குடும்பப் பெயர்’. கணவருக்கு முன்பே நான் மட்டும் பிள்ளைகளோடு பயணம் செய்தபோது ஒரு நாட்டின் குடிவரவு அதிகாரி, இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா என்று கேட்டார். பெரியவளுக்கு அப்போது ஆறு வயது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு “இது யார்?” என்று கேட்டார்கள். அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுத்தால் பட்டச் சான்றிதழோடு பொருந்தாது. எனக்கு பான் கார்டு எடுத்தபோது நடந்ததும் இதே கதைதான். பாஸ்போர்ட் படிவத்தில் கிவன் நேம், அதாவது சொந்தப் பெயர், கட்டாயம், சர்நேம் இல்லாமலும் விடலாம். பான் படிவத்தில் தலைகீழ், லாஸ்ட் நேம் கட்டாயம், ஒற்றைப் பெயர்க்காரர்கள் சொந்தப் பெயரையே லாஸ்ட் நேமில் போட வேண்டும். ஒரே நாட்டின் இரண்டு துறைகள் இவை! 2023இல் பானையும் ஆதாரையும் இணைக்காவிட்டால் ஜூலை 1 முதல் பான் செயல்படாது என்றார்கள். என் பெயர் மாறி மாறி நின்றதால் இணைப்பு ஏற்கவில்லை. 1000 ரூபாய் கட்டணத்தையும் கட்டிவிட்டு இரண்டு மாதம் அலைந்தேன்.


நியூஜெர்சி_தமிழன்:

என் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் காலிதான். அமெரிக்க விசாவில் அப்படி வந்தால் உங்கள் பெயரைத் தூக்கி சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று அடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. இங்கே ஓட்டுநர் உரிமம், வங்கி, மருத்துவமனை எல்லா இடத்திலும் அதுவே என் பெயராக நின்றது. மருத்துவமனையில் காத்திருக்கும்போது “எஃப்னு” என்று கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். அம்மா ஒன்பது மாதம் சுமந்து, பெரியவர்கள் கூடி வைத்த பெயர் எனக்கு உண்டு. ‘தெரியவில்லை’ என்பது என் பெயராக இருந்த அந்த நான்கு வருடத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பிறகு துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து அப்பா பெயரைச் சேர்த்தேன். அதோடு முடியவில்லை. சமூகப் பாதுகாப்பு அட்டை, உரிமம், அலுவலகப் பதிவு என்று ஒவ்வொன்றாக மாற்றி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முதல் பாஸ்போர்ட்டிலேயே போட்டுவிடுங்கள் அக்கா. அப்பா பெயரைப் போடுவதில் எந்தத் தவறும் இல்லை. அது சாதி இல்லை, அப்பாதானே.


கரிசல்மண்:

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு மகளோடு உட்கார்ந்து பேசினோம்.

வைகைக்கரை தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு பெயர் கேட்பதில் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் பெயரைக் குறைபட்ட பெயர் என்பதுபோல் பேசியதுதான் வலித்தது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கு அப்புறம்தான் ஊர் ஊராக ஆட்கள் பெயரின் வாலை விட்டார்கள். தாத்தா அந்த மாநாட்டுக்குப் போனவர் இல்லை, அப்போது அவர் பிறந்திருக்கவும் மாட்டார். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் ஊர் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் மூத்த பிள்ளையைச் சேர்க்கும்போது வாத்தியார் பட்டத்தைக் கேட்டதற்கு, “பெயர் மட்டும் போதும்” என்று தாத்தா சொன்னதாகப் பாட்டி சொல்லுவார். ஒரு அப்பாவின் எழுத்தும் ஒரு பிள்ளையின் பெயரும் சேர்ந்தால் அது முழுப் பெயர்தான். 2021 டிசம்பரில் நம் மாநில அரசே, இனிஷியலையும் தமிழ் எழுத்திலேயே போட வேண்டும் என்று ஆணை போட்டது. ஒரு பக்கம் அதை மொழியின் பெருமையாகக் கொண்டாடுகிறோம், அதே எழுத்தோடு போனால் கவுண்டரில் திருப்பி அனுப்புகிறார்கள்.

நாம் இந்தப் பெயர்களோடு கோடிக்கணக்கில் இருக்கிறோம். சர்நேம் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று ஒரு பக்கம் தமிழில் அச்சடித்து அந்த மையத்துச் சுவரில் ஒட்டியிருந்தால் நான் இங்கே கேட்க வந்திருக்கவே மாட்டேன்.


யாழ்_வடலி:

அக்கா, எங்கட பக்கத்தில இதே விஷயம் வேறு மாதிரி. இலங்கைக் கடவுச்சீட்டில் பெரும்பாலும் தகப்பன் பெயர்தான் குடும்பப் பெயர் இடத்தில் வரும், எங்களுக்கு அது பழகிப்போனது. ஆனால் வெளிநாட்டுக்குப் போன பிறகு அந்தப் பெயர் அங்கேயே உறைந்துவிடுகிறது. என் பெரியம்மாவின் குடும்பம் ரொறன்ரோவில் இருக்கிறது. அங்கு பிறந்த மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகளுக்கும் கொள்ளுத்தாத்தாவின் பெயரே குடும்பப் பெயர். அவர் சுன்னாகத்தில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தவர். அவரைக் காணாத பிள்ளைகள் அங்கே பள்ளியில் அவர் பெயரால் அழைக்கப்படுகிறார்கள். எனக்கு அது சந்தோசம்தான்.

எங்களுக்குப் பெரிய பிரச்சினை பத்திரங்களே இல்லாமல் போனது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பிறப்பத்தாட்சியும் அடையாள அட்டையும் தொலைத்தவர்கள் எங்கட ஊரில் நிறையப் பேர். கிராம அலுவலர் உங்களைத் தெரியும் என்று எழுதித் தந்தால்தான் மிச்சம். அவரும் இடம்பெயர்ந்திருந்தால்?


அகதி_முகாம்_வாசகன்:

இதையெல்லாம் படிக்கும்போது, உங்களுக்கு ஒரு கட்டம்தான் காலி என்று தோன்றியது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் தமிழ்நாட்டில் இலங்கை அகதிகள் முகாமில் 1994இல் பிறந்தவன். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ், இங்கே படித்த சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன, பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனாலும் பாஸ்போர்ட் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்தச் செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “உன்னை எட்டு வருசம் முந்திப் பெத்திருக்கணும்” என்றார்.

உங்கள் மகள் நன்றாகப் படிக்கட்டும் அக்கா.


கரிசல்மண்:

தம்பி, தவறாக எடுக்கவில்லை. உங்கள் அம்மா சொன்னதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. இந்த ஊரில் பிறந்து இந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?


பெர்லின்_பாசறை:

ஜெர்மனி என்பதால் எழுதுகிறேன். நான் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டு வந்தேன். இங்கே வந்து இறங்கியதும் வீட்டு முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், அதில் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் எழுதுவார்கள். தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் குடும்பப் பெயரை ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் கடிதம் வந்து சேராது. விசா அலுவலகம், வங்கி, காப்பீடு எல்லாம் கடிதத்தில்தான் பேசும்.

நான் வந்த இரண்டாவது வருடம் அப்பா இறந்துவிட்டார். கொரோனா காலம், ஊருக்குப் போக முடியவில்லை. வேலையிடத்தில் எல்லோரும் என்னைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள், அதாவது அப்பா பெயரால். முதல் சில வாரம் ஒவ்வொரு தடவையும் தொண்டையை அடைத்தது. இப்போது மணியில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன்.

ஒரு குறிப்பு: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் விரித்த பெயர் என்று வரும்போது, இரண்டும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் ஆங்கிலத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்ட இடத்திலெல்லாம் அதைக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார்கள். விசாவுக்காகச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுக் காட்டும் பிளாக்ட் அக்கவுண்டுக்கு ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ கேட்பார்கள். அந்தக் கணக்கையும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில், அதே வரிசையில் திறங்கள்.


வைகைக்கரை:

அக்கா, நான் எழுதியது கொஞ்சம் கடுமையாகிவிட்டது. சாதிப் பெயரைக் கேட்டார்கள் என்ற வரியை நான் சரியாகப் படிக்கவில்லை. மன்னியுங்கள். நோட்டரி, விண்ணப்ப வேலை ஏதாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், எங்கள் பக்கம்தான் நீங்கள் என்று நினைக்கிறேன்.


கரிசல்மண்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

ஆதாரைப் பழைய குமாஸ்தா ஐயா சொன்னபடி ஒரே தடவையில் மாற்றினோம்: ‘ழ’வுக்கு இசட்.ஹெச்., இனிஷியலுக்குப் பதில் அப்பா பெயர் முழுதாக. ரசீதில் கையெழுத்துப் போடும் முன் மகள் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள். தமிழ்ப் பெயரையும் கையால் திருத்த வைத்தோம். இரண்டாவது தடவை மையத்தில் நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. அதே பி கவுண்டர், வேறு அதிகாரி. அவர் எதுவும் கேட்கவில்லை, அன்பாகவே பேசினார். போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வந்தவர் கிளம்பாமல் நின்றார். அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். மகள் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயத்தில் 500 ரூபாய் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது, எழுதிவைக்கத் தோன்றியது.

நேற்று ஸ்பீட் போஸ்ட்டில் பாஸ்போர்ட் வந்தது. பெயர்ப் பக்கத்தில் மேல் வரியில் அவள் அப்பா பெயர், தனியாக. கீழே அவள் பெயர். அவர் மில்லிலிருந்து வந்து கை கழுவிவிட்டு வாங்கிப் பார்த்தார். அவர் பெயரை அச்சில் இப்படிப் பார்த்தது ரேஷன் கார்டுக்கு அப்புறம் இதுதான் என்றார். என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

மழைக்குருவி, மகள் உங்கள் பதிவைப் படித்துவிட்டு, கல்யாணமானாலும் இந்தப் பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்தையும் மாற்ற மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். சரி என்றேன்.

அஃபிடவிட்டும் தயார். வைகைக்கரை தம்பியே கூட வந்து நோட்டரியிடம் வாங்கிக் கொடுத்தார். ஏ.பி.எஸ். விண்ணப்பத்தை இன்று இரவு அனுப்புகிறோம்.